அக்காவின் காருக்கு எர்த் மாற்றினோம்

1

“டேய், குமரன் அனுப்பின ஃபாரத்துல கையெழுத்து போட்டுடாத. அவனுக்கு நான் சொல்லிக்கிறேன். காருக்குப் புதுசா ஒரு செட்டு வேணும். ப்ளூடூத் இருக்கணும். போன் பேசினா வண்டி முழுக்கக் கேக்கணும். பாட்டும் பாடணும். வந்தா எடுத்துக்கினு வா. வரலன்னா அனுப்பு.”

2025 ஜூன் 9, திங்கட்கிழமை. என் அக்கா கஸ்தூரி அனுப்பிய குரல்செய்தி. ஜவ்வாது மலையில் எங்கள் ஊரான ஜமுனாமரத்தூரில் அப்போது காலை 11.35, நான் இருக்கும் தென் ஜெர்மனியில் 8.05. இங்கே அன்று பெந்தெகொஸ்தே விடுமுறை. குரல்செய்தியின் நீளம் முப்பத்துநான்கு விநாடி. இருபதாவது விநாடியை ஒட்டி கியர் மாற்றும் சத்தம் தெளிவாகக் கேட்கிறது. அதாவது, ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மலைப்பாதையில் வண்டி ஓட்டியபடி இதைப் பேசியிருக்கிறாள். அவளுடைய மகன் குமரன் அந்த ஃபாரத்தை எனக்கு அனுப்பியதற்குக் காரணமும் இதேதான்.

அக்காவுக்கு அறுபத்துமூன்று வயது. கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். நெல்லிவாசல் நாட்டுப் பக்கத்து ஊர்களில் இன்றும் அவள் நர்சம்மாதான். காய்ச்சல் என்றாலும் பிரசவ வலி என்றாலும் முதல் போன் அவளுக்கு. ஆம்புலன்ஸ் மெயின் ரோடு வரை வரும். அதுவரை கொண்டுவந்து சேர்க்க ஒரு வண்டி வேண்டும். அந்த வண்டி எங்கள் அப்பா வாங்கிய 1966 மாடல் அம்பாசிடர். ஓட்டுவது அக்கா.

மே மாதத்தில் ஒரு வளைவில், போனை எடுக்கப் போய் முன் மட்கார்டைக் கைப்பிடிச் சுவரில் உரசிவிட்டாள். யாருக்கும் காயமில்லை. பெங்களூரிலிருந்து வந்த குமரன் நசுங்கிய இடத்தைப் பார்த்தான். திரும்பிப் போன வாரத்திலேயே வண்டியை ‘விண்டேஜ்’ வாகனமாகப் பதிவு செய்வதற்கான விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து எனக்கு அனுப்பினான். ஐம்பது வருடம் தாண்டிய வண்டி, சேஸிஸும் பாடியும் எஞ்சினும் பெரிதாக மாறாமல் இருந்தால் அப்படிப் பதியலாம். பதிந்துவிட்டால் கண்காட்சிக்கும் பேரணிக்கும் எடுத்துப் போகலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது. குமரனுக்கு வேண்டியது அந்தக் கடைசி வாக்கியம்தான்.

அவன் ஏன் எனக்கு அனுப்ப வேண்டும்? வண்டி ஆர்.சி. என் பெயரில் இருக்கிறது. அப்பா காலமாவதற்கு முன் என் பெயருக்கு மாற்றினார். அப்போது ஓட்டத் தெரிந்தவள் அக்கா. எனக்கு லைசென்ஸ்கூட இல்லை. ஏன் என் பெயருக்கு என்று அப்போது யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

2

ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அந்த விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடத்தான் நினைத்தேன்.

ஜெர்மனிக்கு வந்து இருபத்தேழு வருடம் ஆகிறது. ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கார் வைத்திருப்பவர்களின் சந்திப்புக்குப் போவேன். எனக்கு அங்கே கார் இல்லை, போட்டோ இருக்கிறது. ஜவ்வாது மலையில் நிற்கும் அம்பாசிடரின் போட்டோவைக் காட்டினால் அந்த மனிதர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். டீட்டர் என்று ஒரு நண்பர், ஓய்வு பெற்ற தச்சர். அவருடைய கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “ரேடியோ ஒரிஜினலா?” ஆமாம் என்பேன். அவர் தலையை அசைப்பார். அந்தத் தலையசைப்புக்காகவே நான் நாலு வருடம் அங்கே போயிருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஆகவே அக்காவுக்கு நீளமாக ஒரு பதில் எழுதினேன். பழைய ரேடியோவின் அருமை, டேஷ்போர்டை அறுப்பதால் வரும் கேடு, காதில் மாட்டிக்கொள்ளும் சிறிய கருவி வாங்கித் தருகிறேன் என்ற மாற்று ஏற்பாடு, எல்லாம் பத்தி பத்தியாக. அவளிடமிருந்து வந்தது பதினோரு விநாடி:

“காதுல மாட்டினா இஞ்சின் சத்தம் கேக்காதுடா. சத்தம் கேக்காம எப்டி கியர் போடுவேன்? நீ வந்து ஓட்றியா? ஓட்டு. நான் பின்னாடி குந்திக்கினு ரேடியோவைப் பாத்துக்கினு வர்றேன்.”

மகள் யாழினி வேறு ஊரில் படிக்கிறாள். மாதம் ஒருமுறை வருவாள். வந்தாலும் அறைக் கதவு சாத்தியிருக்கும். எங்களிடம் ஜெர்மனில் பேசுவாள், தமிழில் கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வாள். பெண் தமிழை விட்டுவிட்டாள் என்று நானும் மனைவியும் வருத்தப்படுவதுண்டு. அந்த வாரம் வந்தவளிடம் அக்காவின் பிடிவாதத்தைப் பற்றிப் புலம்பினேன்.

“இன்னாப்பா நீ?” என்றாள்.

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். எங்கள் வீட்டில் யாரும் ‘இன்னா’ சொல்வதில்லை. இந்த ஊருக்கு வந்ததும் நான் முதலில் கழற்றி வைத்தது அதைத்தான். மற்ற தமிழர்கள் சிரித்தார்கள்.

“எங்க கத்துக்கிட்ட?”

“அத்தை தினமும் மெசேஜ் போடும். நானும் போடுவேன்.” அப்புறம் ஜெர்மனில் சொன்னாள், மிகவும் அமைதியாக: “அது அத்தை ஓட்டுகிற கார். உங்கள் மியூசியம் இல்லை.”

அவள் தமிழை விட்டுவிடவில்லை. எனக்குத் தெரியாமல், என்னை விட்டுவிட்டு, நான் கழற்றி வைத்த தமிழை எடுத்துக்கொண்டிருக்கிறாள். இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்று யோசித்தேன். ஒன்றுமில்லை.

3

ஜூலை 19, சனிக்கிழமை, செட் வாங்கினேன். முழுமனதோடு வாங்கவில்லை என்பதற்குச் செட்டே சாட்சி. வெளியே பழைய ரேடியோ போலவே இரண்டு குமிழ்கள், தந்த நிற முகப்பு, முள் நகரும் அலைவரிசைக் கட்டம். உள்ளே ப்ளூடூத். இப்படிப்பட்ட கண்துடைப்புக்கென்றே இங்கே தனிக் கடைகள் உண்டு.

கடையில் ஒரு முக்கியமான கேள்வி கேட்டேன். எங்கள் கார் பழைய முறைப்படி ‘பாசிட்டிவ் எர்த்’. இப்போதைய வண்டிகளில் பேட்டரியின் மைனஸ் முனையை வண்டியின் உடம்போடு இணைப்பார்கள். எங்கள் காரில் பிளஸ் முனையை இணைத்திருக்கும். ஜமுனாமரத்தூரில் இதை “பாடி பிளஸ்ஸு” என்று சொல்வார்கள். புதிய செட்டின் இரும்புக்கூடு மைனஸ். இரண்டும் தொட்டால் தீர்ந்தது. எனவே விற்பவரிடம் கேட்டேன், எர்த் பிளஸ்ஸாக இருந்தால் பரவாயில்லையா என்று. எர்த்துக்கு ஜெர்மன் சொல் ‘எர்டே’. அது எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, பிரச்சினையே இல்லை என்றார். டைரியில் குறித்தேன்: “எர்த் பிளஸ், பிரச்சினை இல்லை, கடைக்காரர், 19-7.”

டீட்டரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் நான் ரேடியோவை மாற்றப் போவது தெரிந்துவிடும். அதனால் கேட்கவில்லை.

4

ஆகஸ்ட் 14 மாலை ஜமுனாமரத்தூர் போய்ச் சேர்ந்தேன். அக்கா பெட்டியைப் பிரித்தாள்.

“இன்னாடா இது? பழசு மாதிரியே கீது?”

“பாக்கத்தான் பழசுக்கா. உள்ள எல்லாம் புதுசு.”

“புதுசு கேட்டா, பழசு மாதிரி இருக்கிற புதுசு தேடி அவ்ளோ தூரத்துலருந்து தூக்கியாந்துகிறான்” என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னாள். “சரி, மாட்டு. பேசினா போதும்.”

அடுத்த நாள் சுதந்திர தினம். சனிக்கிழமை அக்காவுக்கு இரண்டு முறை நெல்லிவாசல் பக்கம் போக வேண்டியிருந்தது. ஞாயிறு, 17ஆம் தேதி, சம்பத் கடை அடைத்திருந்தது. சம்பத் ஊரில் வண்டிகளுக்கு வயரிங் வேலை செய்பவர். என் வயதுதான், என்னை அண்ணா என்பார். அவருக்காக ஒருநாள் காத்திருந்திருக்கலாம். அளவுக் கருவிகளோடு முப்பது வருடம் இருந்தவனுக்கு ஒரு ரேடியோ மாட்டத் தெரியாதா என்று நானே உட்கார்ந்தேன். கையேட்டின்படி சிவப்பு வயரைப் பழைய ரேடியோவுக்கு மின்சாரம் வந்த வயரில் கொடுத்தேன். கருப்பை பாடியில் கொடுத்தேன். பிரச்சினை இல்லை என்று கடைக்காரர் சொன்னது டைரியில் தேதியோடு இருக்கிறதே.

சாவியைத் திருப்பினேன். காலை 10.50. ஒரு ‘டப்’. தந்த நிற முகப்பின் ஓரத்திலிருந்து மெல்லிய புகை வந்தது. ரப்பர் கருகும் வாசனை.

அக்கா வாசலிலிருந்து கேட்டாள்: “பேசிடுச்சா?”

திங்கட்கிழமை சம்பத் வந்து பார்த்தார். செட்டை மூக்கருகே வைத்து மோந்தார்.

“அண்ணா, பாடி பிளஸ்ஸுன்னு உங்களுக்குத் தெரியாதா? நைனா காலத்து வண்டிண்ணா இது.”

“தெரியும் சம்பத். அங்க கேட்டுதான் வாங்கினேன்.”

“இன்னான்னு கேட்டீங்க?”

சொன்னேன். யாழினி அப்போது போனில் இருந்தாள், அக்காவோடு பேசிக்கொண்டிருந்தவள். நான் சொன்ன ஜெர்மன் வாக்கியத்தைக் கேட்டதும் அவள் சிரித்த சிரிப்பு போனை மீறி வெளியே வந்தது. கார்களின் எர்த்துக்கு ஜெர்மனில் ‘எர்டே’ சொல்ல மாட்டார்களாம். ‘எர்டே’ என்றால் வெறும் மண், தரை. கார்காரர்கள் சொல்வது ‘மாஸ்ஸே’. ஆக, நான் அந்தக் கடைக்காரரிடம் மண்ணைப் பற்றி ஏதோ கேட்டிருக்கிறேன். செட்டைத் தரையில் வைத்தாலும் பாடுமா என்று விசாரிக்கிறேன் என்றுகூட அவர் நினைத்திருக்கலாம். பிரச்சினை இல்லை என்று அவர் சொன்னது சத்தியமான பதில்.

“எர்த்துக்கு அங்க மாஸ்ஸாண்ணா?” என்றார் சம்பத். “நம்மூர்ல மாஸுன்னா வேறண்ணா. இப்ப நீங்க பண்ணிவச்சது இல்ல அது.”

அக்கா உட்கார்ந்தே விட்டாள், சிரித்துச் சிரித்து.

இருபத்தேழு வருடம் ஒரு மொழியில் சம்பளம் வாங்கியவன், தன் காரைப் பற்றிக் கேட்க வாயைத் திறந்ததும் ஜமுனாமரத்தூர் மெக்கானிக் ஷெட்டிலிருந்துதான் மொழிபெயர்க்கிறான். இதற்கு நான் வெட்கப்பட வேண்டும் என்று சிலர் எதிர்பார்ப்பார்கள். செட் போனதற்கு வெட்கப்பட்டேன். சொல்லுக்கு இல்லை.

5

சம்பத் இரண்டு வழி சொன்னார். ஒன்று, வேறொரு செட் வாங்கி அதைச் சுற்றி ரப்பர் ஷீட் கட்டி பாடியில் படாமல் மாட்டுவது. மலைப்பாதைக் குலுக்கலில் ரப்பர் என்றைக்குத் தேயும் என்று சொல்ல முடியாது. “நர்சம்மா வளைவுல இருக்கும்போது புகை வந்தா நல்லாருக்குமா?” இன்னொன்று, வண்டியின் எர்த்தையே மாற்றிவிடுவது. பேட்டரியைத் திருப்ப வேண்டும், இக்னிஷன் காயிலின் வயர்களை மாற்றிக் கொடுக்க வேண்டும், டைனமோவைப் புதுத் திசைக்குப் பழக்க வேண்டும். அரை நாள் வேலை.

“ஆனா ஒண்ணுண்ணா. எர்த் மாத்திட்டா அந்தப் பழைய ரேடியோ அவ்ளோதான். அது பாடி பிளஸ்ஸுக்குன்னு செஞ்சது. அப்புறம் அதுல பாட்டு வராது.”

“இப்ப மட்டும் வருதா?” என்றாள் அக்கா. “நாலு வருஷமா கொர்ருனு கத்திக்கினு கீது.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஆர்.சி. என் பெயரில் அல்லவா இருக்கிறது.

யோசிக்க நேரம் கேட்டேன். வண்டியின் முன்பெட்டியில் அப்பாவின் குறிப்பு நோட்டு இருக்கும். புளி வியாபாரி, ஆயில் மாற்றினால்கூடத் தேதி போட்டு எழுதுவார். என் வியாதி அவரிடமிருந்து வந்ததுதான். பழைய ரேடியோவுக்கு ஆதரவாக ஏதாவது கிடைக்கும் என்று புரட்டினேன். கிடைத்தது இது, 1979 ஜனவரி 21 என்ற தேதியிட்டு: “வேலூரில் ரேடியோ மாட்டப்பட்டது. இடம் பத்தாமல் டேஷ்போர்டு அறுக்கப்பட்டது. கஸ்தூரிக்கு மிகவும் சந்தோஷம்.”

மேலும் புரட்டினேன். பின் சீட் ஒரு ஜீப்பிலிருந்து எடுத்தது. கியர் குமிழ் மாற்றியது. பானெட் நிறம் இரண்டு முறை மாறியிருக்கிறது. நாலு வருடம் டீட்டருக்கு நான் ஒரிஜினல் என்று சொன்னது எதுவும் ஒரிஜினல் இல்லை. அந்த வண்டியில் யாருக்கு எது தேவைப்பட்டதோ அதை அறுத்து மாட்டியிருக்கிறார்கள். அது அப்படியே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது நான் ஒருவன், அதுவும் ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து.

வெளிநாட்டில் இருக்கும் எங்களுக்கு இது ஒரு கெட்ட பழக்கம். நாங்கள் மாறலாம்: வேறு குடியுரிமை, வேறு குளிர், வேறு சாப்பாட்டு நேரம். ஊர் மட்டும் நாங்கள் பஸ் ஏறிய அன்று இருந்தபடி நிற்க வேண்டும். லீவுக்கு வந்து பார்த்துவிட்டு, “எல்லாம் போச்சு” என்று சொல்வோம். போனவர்கள் நாங்கள்.

“மாத்திடுங்க சம்பத்” என்றேன்.

6

ஆகஸ்ட் 19, செவ்வாய். வயரிங் படம் வரைய சம்பத் ஒரு காகிதம் கேட்டார். கையில் இருந்தது குமரனின் விண்ணப்பம். நான் காகிதங்களைக் கிழிப்பவன் அல்ல. வெற்றுப் பின்பக்கம் மேலே வரத் திருப்பி அவரிடம் கொடுத்தேன். பின்பக்கம் முழுவதும் சம்பத் படம் போட்டார்: பேட்டரி, காயில், ஆம்பியர் மீட்டர், டைனமோ. நன்றாக வந்திருந்தது. படிவத்தின் அந்தப் பக்கம்தான் பயனுள்ள பக்கம்.

பேட்டரி முனைகள் இரண்டும் ஒரே பருமன் இல்லை; பிளஸ் கொஞ்சம் தடிமன். கிளாம்புகளை மாற்றி மாட்ட வேண்டியிருந்தது. கடைசியில் டைனமோ. பேட்டரியிலிருந்து ஒரு வயரை அதன் முனையில் ஒரு கணம் தொட்டு எடுத்தார் சம்பத். சின்னதாக ஒரு பொறி.

“அவ்ளோதாண்ணா. இனிமே அதுக்கு எது பிளஸ்ஸுன்னு தெரிஞ்சிடும்.”

“இத்தனை வருஷம் ஒரு மாதிரி ஓடினது, ஒரு தொடுதல்ல மாறிடுமா?”

“மாறிடும். மாறாதுன்னு நெனைக்கிறது நாமதான். அதுக்கு ஒண்ணும் கவலை இல்ல.”

புதிய செட்டை அக்காவே சம்பத் கடையில் தேர்ந்தெடுத்தாள். முகப்பில் நீல விளக்கு ஓடிக்கொண்டே இருக்கும், நடுவில் சிவப்பாக எண்கள் மின்னும். அந்தக் காருக்குள் அதைப் பார்த்தால் கோயில் திருவிழாவில் கடை போட்ட மாதிரி இருக்கிறது. பொருந்தவே இல்லை. அக்காவுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பழைய ரேடியோ எங்கே என்று கேட்டு யாரும் எழுத வேண்டாம். உதிரிக்கு ஆகும் என்று சம்பத் கேட்டார், கொடுத்துவிட்டேன்.

அன்று மாலை நெல்லிவாசல் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். அக்கா ஸ்டியரிங்கில், நான் பக்கத்தில். எந்த வளைவில் சிக்னல் கிடைக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். இரண்டாவது சிக்னல் வளைவில் பாட்டு நின்று மணி அடித்தது. வண்டி முழுவதும் ஒரு ஆணின் குரல்:

“நர்சம்மா, அந்த வெள்ளை மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயா?”

“பின்ன. நேத்தே சொன்னேன். உம் பொண்டாட்டி கிட்ட போனைக் குடு, நீ மறந்துடுவ.”

“மறக்க மாட்டேன்மா. இன்னாம்மா குரல் கணீர்னு கீது?”

“புது செட்டு. வை.”

அடுத்த மணி குமரன். அம்மா எடுக்க மாட்டாள் என்று நினைத்திருப்பான்.

“அம்மா! வண்டி ஓட்டிக்கிட்டா பேசுற?”

“ரெண்டு கையும் ஸ்டியரிங்லதாண்டா கீது. பக்கத்துல உன் மாமன் குந்திக்கினு கீறான். கேளு.”

“மாமா, நீங்களுமா? ஃபாரம் என்ன ஆச்சு?”

“உபயோகப்பட்டுச்சு” என்றேன்.

அக்கா கியரைக் குறைத்து அடுத்த வளைவில் திருப்பினாள். பிறகு குமரன், “செட்டு ரிவர்ஸ் கேமராவெல்லாம் எடுக்குமா?” என்று கேட்டான். அவனுடைய பயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. பயப்பட அவனுக்குக் காரணம் இருந்தது. ஆனால் அவனுடைய பயத்துக்காக அக்கா வீட்டில் உட்கார வேண்டியதில்லை.

7

இங்கே திரும்பியதும் சந்திப்பில் டீட்டரிடம் நீல விளக்குப் போட்டோவைக் காட்டினேன். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மீண்டும் பார்த்தார். “என்ன காரியம் செய்துவிட்டாய்” என்றார். மாஸ்ஸேயை மாற்றினோம் என்றேன், சரியான சொல்லில். அந்த ஞாயிறுக்குப் பிறகு என் போட்டோவைப் பார்க்கக் கூட்டம் கூடுவதில்லை. பரவாயில்லை. நான் போவதை நிறுத்தவும் இல்லை.

ஒரு வேலை பாக்கி இருந்தது. கிளம்புவதற்கு முன், ஆகஸ்ட் 21 அன்று, வண்டியை அக்கா பெயருக்கு மாற்ற 29, 30 என்ற எண்ணுள்ள படிவங்களை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். அப்பா செய்ததைத் திருத்துகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். “திருத்து, திருத்து. முப்பது வருஷம் லேட்டு” என்றாள்.

செப்டம்பரில் ஒரு சிக்கல் வந்தது. பழைய ஆவணங்களில் என் கையெழுத்து தமிழில் இருக்கிறது. இங்கே பாஸ்போர்ட்டுக்காக ரோமன் எழுத்தில் போடத் தொடங்கி, கை அதற்குப் பழகிவிட்டது. படிவத்தில் ரோமன் எழுத்தில் போட்டிருக்கிறேன். இரண்டும் ஒருவருடையதுதான் என்று உறுதிமொழி வேண்டும் என்றார்கள். தவறு என்னுடையது. வங்கி வரிசையில் நிற்கும் நேரத்தில், பஸ்ஸில், ஒரு வாரம் தமிழில் என் பெயரை எழுதிப் பழகி, இரண்டு கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, சான்றுறுதி வாங்கி அக்டோபர் 6 அன்று அனுப்பினேன். தமிழ்க் கையெழுத்தில் கடைசி எழுத்து கொஞ்சம் நடுங்கியிருந்தது. அதையும் அப்படியே அனுப்பினேன்.

இன்று காலை இணையத்தில் பார்த்தபோது “பரிசீலனையில்” என்று இருந்தது. அந்தப் பக்கம் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று அதில் இல்லை. அக்காவுக்குப் போன் செய்தேன். ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“கடுதாசி ஏதாவது வந்துச்சாக்கா?”

“வூட்டுக்குப் போனாத்தான் தெரியும். நான் ரெண்டு நாளா போஸ்ட் பொட்டியப் பாக்கல.”

“வந்திருந்தா உன் பேர்ல இருக்கும். எனக்குத் தேதி வேணும்.”

“தேதியா? எம்பேர்ல இருந்தா இன்னா, உம்பேர்ல இருந்தா இன்னா, பின்னாடி சீட்டுல ஒரு பொண்ணு வலியோட குந்திக்கினு கீது. வேற போன் வேற வருது. வைடா.”

வைத்துவிட்டாள். 2025 நவம்பர் 16, ஞாயிறு, இங்கே காலை 11.20, அங்கே பிற்பகல் 3.50. அந்த நேரத்தில் அந்த வண்டி சட்டப்படி யாருடையதாக இருந்தது என்பது எனக்குத் தெரியாது. இதை எழுதி முடிக்கும் வரை சரிபார்க்கப்படவில்லை.